குரோமியத்தின் அடிநிலையும் தோலின் நிலைப்பும்

மேல்நிலை வகுப்பிலோ இளநிலைப் பட்ட முதலாண்டிலோ வேதியியல் பயிலும் மாணவரிடம் குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுக என்றால், பெரும்பாலோர் தயக்கமின்றி 3டி⁵ 4எஸ்¹ என எழுதிவிடுவர். காரணம் வினவினால், ‘சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால்கள் கூடுதல் நிலைப்புடையன’ என்னும் தொடரையும் எழுதி முழு மதிப்பெண் பெறுவர். அதே மாணவர் மாலையில் வீடு திரும்புகையில் ஆம்பூரிலோ மேல்விசாரத்திலோ வெளிர் நீல நிறத்தில் ஈரத்தோல்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றைக் காணாமல் இருத்தல் அரிது. ‘வெட் புளூ’ எனத் தொழிலாளர் வழங்கும் அத்தோலின் நீலம் குரோமியத்தின் நிறமே. ஆயினும் வகுப்பறையில் எழுதப்பட்ட குரோமியத்திற்கும் வண்டியில் செல்லும் குரோமியத்திற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் உள்ள 4எஸ் எலக்ட்ரான் பின்னதில் இல்லை; பாதி நிரம்பிய 3டி தொகுதியும் இல்லை. விடைத்தாளில் நிலைப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட யாவும் தொலைந்தபின், தோல் மட்டும் எங்ஙனம் ஆண்டுக்கணக்கில் அழுகாது நிலைத்து நிற்கிறது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

தமிழ்த்துறை மலரில் வேதியியலுக்கு இடம் ஏது எனச் சிலர் எண்ணக்கூடும். பாலாற்றங்கரை ஊர்களின் சோறும் நீரும் இத்தனிமத்தைச் சார்ந்திருக்கையில் அதனைத் தமிழில் எழுதாது விடுவதே வியப்பிற்குரியது என்பது என் கருத்து.

அடிநிலை என்பது யாது?

அணுவின் நடுவே நேர்மின்னூட்டம் கொண்ட உட்கரு; அதனைச் சூழ்ந்து எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் எனின், எலக்ட்ரான் ஏன் உட்கருவில் விழுந்து மறைவதில்லை? பழைய இயற்பியலின்படி சுழலும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துகொண்டே ஆற்றலை இழந்து, நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள் உட்கருவில் வீழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறாயின் உலகில் எப்பொருளும் இருந்திராது. 1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க இயலும் என்றார். 1925, 1926ஆம் ஆண்டுகளில் உருவான குவாண்டம் இயங்கியல் இதன் காரணத்தைத் தெளிவாக்கிற்று. எலக்ட்ரானை மேன்மேலும் சிறிய இடத்திற்குள் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் மிகுகிறது. உட்கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆதாயத்தை அவ்வியக்க ஆற்றல் ஓரிடத்தில் ஈடுகட்டிவிடும். அதற்குக் கீழே செல்ல வழியில்லை. அந்நிலையே அடிநிலை எனப்படும். ஹைட்ரஜனில் அது விடுபட்ட எலக்ட்ரானைவிட 13.6 எலக்ட்ரான் வோல்ட் தாழ்ந்தது.

ஒளியோ வெப்பமோ கொடுத்தால் எலக்ட்ரான் மேல்நிலைக்குச் செல்லும். அது கிளர்வு நிலை. மேட்டில் ஊற்றிய நீர் பள்ளத்தை நாடுவதுபோல் அது மீண்டும் அடிநிலையை அடையும். இங்கு ஒரு வேறுபாட்டையும் சொல்லுதல் தகும்: பள்ளத்தில் எவ்வளவு நீரும் சேரலாம், அணுவின் அடித்தளத்திலோ இடம் அளவுபட்டது. ஓர் ஆர்பிட்டாலில் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இருத்தல் இயலாது என்பது 1925இல் பௌலி கூறிய தவிர்ப்புத் தத்துவம். இத்தடை இல்லையேல் 24 எலக்ட்ரான்களும் முதல் ஆர்பிட்டாலிலேயே அடைந்துவிடும். தனிமங்களுக்குள் வேறுபாடே இராது.

குரோமியம் விதியை மீறுகின்றதா?

1797இல் பிரெஞ்சு வேதியியலார் வோக்லென் சைபீரியாவின் செந்நிற ஈயக் கனிமத்திலிருந்து இத்தனிமத்தைக் கண்டறிந்தார். நிறம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் அமைந்தது. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பசுமையும் இதன் அயனிகள் தந்தவையே.

இதன் அணு எண் 24. ஆர்கானின் 18 எலக்ட்ரான்கள் போக எஞ்சியவை ஆறு. ஆஃபா தத்துவத்தின்படி அவை 3டி⁴ 4எஸ்² என அமைதல் வேண்டும். உண்மையில் அடிநிலை 3டி⁵ 4எஸ்¹ ஆகும். ஆறு எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டாலில், ஒரே திசைத் தற்சுழற்சியோடு உள்ளன.

ஒரே தற்சுழற்சியுடைய எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்குவதைக் குவாண்டம் விதியே தவிர்க்கிறது. ஆதலின் அவற்றினிடையே விலக்கம் குறைகிறது. இவ்வாதாயத்திற்குப் பரிமாற்ற ஆற்றல் என்று பெயர். ஒரே திசை எலக்ட்ரான்களை இரண்டிரண்டாக எண்ணிக் கிடைக்கும் இணைகள் எத்தனையோ அத்தனை பங்கு ஆதாயம். டி ஆர்பிட்டால்களை மட்டும் எண்ணினால் நான்கு எலக்ட்ரான்களுக்கு 6 இணைகள், ஐந்திற்கு 10. எஸ் எலக்ட்ரானையும் சேர்த்து எண்ணினால் 3டி⁴ 4எஸ்² அமைப்பில் 10. 3டி⁵ 4எஸ்¹ அமைப்பில் 15. இதனோடு, 4எஸ் ஆர்பிட்டாலில் இருவர் நெருங்கி அமரும் இடர்ப்பாடும் நீங்குகிறது. குரோமியத்தில் 3டி, 4எஸ் நிலைகளினிடையே உள்ள ஆற்றல் இடைவெளி சிறிதாதலின் இவ்வாதாயமே வெல்கிறது. 3டி⁴ 4எஸ்² அமைப்பின் மிகத் தாழ்ந்த நிலை, அடிநிலையைவிட ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் மேலே உள்ளது. வேறுபாடு அவ்வளவே.

இதனைக் கருத்திற் கொள்ளாது, ‘பாதி நிரம்பினால் நிலைப்பு’ என்னும் தொடரை மந்திரம்போல் உருப்போடுவது தவறான இடத்திற்குக் கொண்டு சேர்க்கும். குரோமியத்தின் அதே தொகுதியில் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என்றே அமைந்துள்ளது. அங்கே பாதி நிரம்பும் வாய்ப்பிருந்தும் அது கொள்ளப்படவில்லை. நியோபியமோ 4டி⁴ 5எஸ்¹ ஆகும். பாதி நிரம்பாமலேயே எஸ் எலக்ட்ரானை இடம் மாற்றிக்கொண்டது. ஆகவே இது விதியன்று. பல ஆற்றல்களின் வரவுசெலவுக் கணக்கு. தனிமத்திற்குத் தனிமம் மிச்சம் வேறுபடும். இன்னொன்றும் மனங்கொளத்தக்கது. இவ்வமைப்பு வளிநிலையில் தனித்திருக்கும் ஓர் அணுவுக்கு உரியது. சேர்மங்களில் குரோமியம் அந்த நிலைப்பைச் சிறிதும் பொருட்படுத்தாது எலக்ட்ரான்களை இழக்கும். பாதி நிரம்பிய 3டி⁵ அமைப்பு மட்டும் எஞ்சும் ஒற்றை நேர்மின் குரோமிய அயனியை நீர்க்கரைசலில் காண்பதில்லை; காண்பது மூன்று நேர்மின் அயனியையே. அதில் எஞ்சுவன மூன்று டி எலக்ட்ரான்கள்.

நிலைப்பும் மந்தமும்

தமிழில் ‘நிலைப்புத்தன்மை’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பண்புகளைக் குறித்துவிடுகிறோம். ஒன்று, ஆற்றலில் தாழ்ந்திருத்தல். மற்றொன்று, மாறுவதற்கு நெடுநேரம் கொள்ளுதல். முன்னதை நிலைப்பு என்றும் பின்னதை மந்தம் என்றும் வழங்கினால் குழப்பம் தீரும். பள்ளத்தில் கிடக்கும் கல் நிலைப்புடையது. மலைமேல் பாறையிடுக்கில் சிக்கிய கல் உருளாதிருப்பின் அது மந்தமே. தாழ்ந்த இடத்தை இன்னும் அடையவில்லை. வேலூரைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளை நோக்குவார்க்கு இரண்டாம் வகைக் கல் புதிதன்று.

மூன்று நேர்மின் குரோமிய அயனியை நீரில் ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முக வடிவில் சூழ்கின்றன. இவற்றை ஈனிகள் என்பர். ஈனிகளின் மின்புலத்தால் ஐந்து டி ஆர்பிட்டால்களும் ஒரே ஆற்றலில் நில்லாமல் மூன்று கீழேயும் இரண்டு மேலேயுமாகப் பிரிகின்றன. எஞ்சிய மூன்று எலக்ட்ரான்களும் கீழ் மூன்றில் ஒவ்வொன்றாக, ஒரே தற்சுழற்சியோடு அமர்கின்றன. ஆக, ஐந்தில் பாதி போயிற்று. மூன்றில் பாதி வந்தது. ஓர் ஈனி விலகவோ புதியதொன்று நுழையவோ முயன்றால் இவ்வொழுங்கு குலையும். அதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆதலின் குரோமியத்தைப் பற்றிய நீர் மூலக்கூறுகளில் பாதியளவு இடம் மாற மூன்று நாளுக்கும் மேல் ஆகிறது. அதே மின்னூட்டமுடைய அலுமினிய அயனியில் இதற்கு ஏறத்தாழ அரை நொடி போதும். இரும்பில் அதனினும் மிகக் குறைவு.

அலுமினியத்தின் எலக்ட்ரான் அமைப்பு நியானை ஒத்தது, முழுதும் நிரம்பியது. விடைத்தாள் விதிப்படி அதுவே உறுதியுடையதாதல் வேண்டும். ஆயின் பண்டைக்காலம் தொட்டுப் படிகாரத்தால் பதப்படுத்தப்பட்ட தோல், நீரில் ஊறியவுடன் படிகாரத்தை விட்டுவிடுகிறது. குரோமியத் தோல் விடுவதில்லை. இதற்குரிய காரணங்களுள் தலையாயது மேற்கூறிய மந்தமே.

தோலினுள் நிகழ்வது

பச்சைத் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. நீரில் அதனைச் சூடாக்கினால் 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். முற்காலத்தில் இவ்வட்டாரத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பதனிடும் பொருள்கள். அவற்றின் துவர்ப்புப் பொருள் இழைகளினிடையே புகுந்து அழுகலைத் தடுக்கும். அவ்வாறு பதனிட்ட தோல் ஐரோப்பியச் சந்தையில் நற்பெயர் பெற்றிருந்தது. ஆனால் வேலை முடியப் பல நாள்கள் ஆகும். சுருங்கும் வெப்பநிலையும் கொதிநிலையை எட்டாது.

1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியப் பதனிடலுக்குக் காப்புரிமை பெற்றார். அது இருதொட்டி முறை. முதலில் டைகுரோமேட்டில் தோலை ஊறவைத்து, அடுத்த தொட்டியில் அதனைத் தோலினுள்ளேயே மூவிணைதிற நிலைக்கு ஒடுக்குவர். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் தந்த ஒருதொட்டி முறையில், முன்னரே ஒடுக்கப்பட்ட குரோமிய உப்பே நேரே தோலிற் செலுத்தப்படுகிறது. நச்சுடைய அறுவிணைதிறக் குரோமியம் இதனால் தோல் தொழிற்சாலையை விட்டு வெளியேறி, குரோமிய உப்பு செய்யும் இரசாயன ஆலைக்குக் குடிபெயர்ந்தது. அக்குடிபெயர்ச்சியின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இன்றைய முறையில் சுண்ணாம்பு நீக்கிய தோலை அமிலமும் உப்பும் சேர்த்துச் சுழலும் டிரம்மில் இடுவர். அமிலத்தன்மை மிகுந்த அந்நிலையில் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டம் இழந்து கிடக்கும். ஆதலின் குரோமிய உப்பு எங்கும் ஒட்டாமல் தோலின் நடுப்பகுதிவரை சென்று பரவும். பின்னர்ச் சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். கார்பாக்சில் தொகுதிகள் மின்னூட்டம் பெற்று, நீர் மூலக்கூறுகளின் இடத்தில் தாம் புகுந்து குரோமியத்தோடு பிணைகின்றன. சோடாவை அவசரப்பட்டுக் கொட்டினால் மேற்பரப்பிலேயே குரோமியம் படிந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும் என்பதை எழுத்தறியாத தொழிலாளியும் அறிவார். மந்தமான அயனியோடு பழகுவோர்க்குப் பொறுமை வேண்டும். முடிவில் தோல் துண்டொன்றைக் கொதிநீரில் இட்டுப் பார்ப்பர். சுருங்காவிடின் பதம் சரி. புகுவதற்கு மந்தமாக இருந்த அதே பண்பே, புகுந்தபின் வெளியேறாமைக்கும் காரணமாகிறது.

எனினும் டிரம்மில் இட்ட குரோமியம் முழுவதும் தோலைச் சேர்வதில்லை. வழக்கமான முறையில் 60 முதல் 70 விழுக்காடே ஏற்கப்படும். எஞ்சிய பச்சை நிறக் கழிவுநீரில் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் குரோமியத்தை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இம்மீட்பு முறையையும், நீரின்றிக் குரோமியம் செலுத்தும் முறையையும் இப்பகுதித் தொழிலுக்கு அளித்துள்ளது.

ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலை

குரோமியம் தன் ஆறு எலக்ட்ரான்களையும் இழந்ததாகக் கணக்கிட்டால் எஞ்சுவது ஆர்கானின் அமைப்பு. மந்த வாயுவின் அமைப்பைப் பெற்றுவிட்டதால் இது அமைதியாக இருக்கும் என மாணவர் எதிர்பார்க்கலாம். உண்மை இதற்கு நேர்மாறானது. அமிலக் கரைசலில் டைகுரோமேட்டின் ஒடுக்க மின்னழுத்தம் +1.33 வோல்ட், எதிர்ப்படும் கரிமப் பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலிய ஆக்சிஜனேற்றி அது. காரக் கரைசலிலோ அம்மின்னழுத்தம் −0.13 வோல்ட் ஆகக் குறைந்துவிடும். அங்கே அறுவிணைதிறக் குரோமியம் அமைதியாகவே இருக்கும். எலக்ட்ரான்களை மட்டும் எண்ணி நிலைப்பை முடிவு செய்தல் ஆகாது. சூழலையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.

ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கே நம் நாட்டுக் குரோமைட்டுத் தாதுவின் பெரும்பகுதிக்கு இருப்பிடம். அத்தாதுவைச் சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றோடு கலந்து காற்றோட்டமுள்ள உலையில் ஏறத்தாழ 1100 பாகையில் வறுத்தால் சோடியம் குரோமேட் கிடைக்கும். அதனை நீரில் கரைத்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில் குரோமேட் சிறிது தங்கிவிடும். இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற சக்கை ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. சுண்ணாம்புக் காரம் நிறைந்த அக்குவியலில் குரோமேட்டை ஒடுக்குவதற்கு ஒன்றுமில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து மஞ்சள் நீராக நிலத்தடியை அடைந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

குரோமேட் அயனியின் உருவம் சல்பேட் அயனியை ஒத்தது. உடலின் உயிரணுக்கள் சல்பேட்டை ஏற்கும் வாயில் வழியாகவே இதனையும் ஏற்றுவிடுகின்றன. உள்ளே சென்றபின் அது படிப்படியாக எலக்ட்ரான்களைப் பறித்து மூவிணைதிற நிலைக்கு இறங்குகையில் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. மூவிணைதிறக் குரோமியத்திற்கு அவ்வாயில் எளிதில் திறவாது. ஒரே தனிமம், எலக்ட்ரான் எண்ணிக்கையில் மூன்று வேறுபாடு, ஒன்று காலணி, மற்றொன்று புற்றுநோய்க் காரணி.

மூவிணைதிறத்திலிருந்து அறுவிணைதிறத்திற்கு மீள்வது எளிதன்று என்றாலும் இயலாததன்று. மண்ணிலுள்ள மாங்கனீசு டை ஆக்சைடு அதனைச் செய்யவல்லது. குரோமியத் தோலின் சீவல்களைக் காற்றில் எரித்தால் சாம்பலில் குரோமேட் தோன்றும். தோல் கழிவைக் குப்பையோடு கொளுத்தும் வழக்கத்தை இவ்வூர்களில் அறவே நிறுத்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. ஐரோப்பிய ஒன்றியமும் உடலிற்படும் தோற்பொருள்களில் அறுவிணைதிறக் குரோமியம் கிலோவிற்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என 2015 மே முதல் விதித்துள்ளது.

குரோமியத்தின் மேல் ஏற்றிய பிறர் பழி

பாலாற்றுப் படுகைக் கிணறுகள் கெட்டதற்குக் குரோமியம் ஒன்றையே குற்றம் சாட்டுவாரும் உளர். அது நடுநிலையன்று. தோல் அழுகாமல் காக்க இடும் கறியுப்பே கிணற்று நீரை உவர்ப்பாக்கியதில் பெரும்பங்கு வகிக்கிறது. சோடியம் அயனிக்கு நியானின் அமைப்பு. குளோரைடுக்கு ஆர்கானின் அமைப்பு. இவையிரண்டும் நீரில் உண்மையிலேயே அமைதி கொண்டவை. சுண்ணாம்பாலோ மெக்னீசியாவாலோ வீழ்படிவாகா. நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னா. குரோமியத்தைப் பிடிக்க ஒரு தொட்டி போதும். உப்பைப் பிடிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் தேவை. இராணிடெக், வாணிடெக், விஷ்டெக் முதலிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவில் பெரும்பகுதி இதனால் விளைவதே.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்றது. பாலாற்றுப் பகுதி குறித்து 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

அளவீட்டில் அடிநிலை

கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்பதை அறிய உதவும் கருவிகளுள் அணு உட்கவர் நிறமாலைமானி சிறந்தது. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1950களில் உருவாக்கிய முறை இது. நீர் மாதிரியைச் சுடரில் தெளித்தால் சேர்மங்கள் சிதைந்து தனி அணுக்களாகும். அத்துணை வெப்பத்திலும் குரோமிய அணுக்களிற் பெரும்பாலானவை அடிநிலையிலேயே உள்ளன. குரோமியத்தாலான எதிர்மின்வாய் கொண்ட விளக்கிலிருந்து 357.9 நானோமீட்டர் ஒளியைச் சுடரினூடே செலுத்தினால், அடிநிலை அணுக்கள் மட்டும் அதனை உட்கவர்ந்து 3.46 எலக்ட்ரான் வோல்ட் மேலே செல்லும். குறைந்த ஒளியின் அளவே குரோமியத்தின் அளவைச் சொல்லும். மாணவர் விடைத்தாளில் எழுதிய 3டி⁵ 4எஸ்¹ இங்கேதான், இந்தச் சுடரில்தான், உண்மையாகவே காட்சியளிக்கிறது.

ஆனால் இங்கே ஒரு குறையும் உண்டு. சுடருக்குள் சென்ற குரோமியம் முன்பு தோலிலிருந்து வந்ததா, சக்கைக் குவியலிலிருந்து வந்ததா, மூன்று எலக்ட்ரானை இழந்திருந்ததா, ஆறை இழந்திருந்ததா என்பதெல்லாம் மறைந்துவிடும். எல்லாம் ஒரே அடிநிலை அணுவாகிவிடுகின்றன. ஆதலின் இக்கருவி தருவது மொத்தக் குரோமியம் மட்டுமே. அறுவிணைதிறத்தைத் தனித்தறிய, மாதிரியை அமிலமாக்கி டைஃபீனைல் கார்பசைடு சேர்த்து, தோன்றும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளத்தல் வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்து நிறமானியே போதும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், அறுவிணைதிறக் குரோமியம் 0.1 மில்லிகிராம் என அரசு வரம்புகள் இரண்டாக இருப்பதும் இதனாலேயே. குடிநீருக்கு மொத்த வரம்பு 0.05 மில்லிகிராம். தம் ஊர்க் கிணற்று நீரின் ஆய்வறிக்கையைக் கையில் வாங்கும் மாணவர், அதில் குரோமியம் என ஒரே வரி மட்டும் இருக்குமாயின், அது எந்தக் குரோமியம் என்று கேட்டு மற்றொரு வரியையும் எழுதித் தரச் செய்தல் வேண்டும்.